அக்காவின் பல்பு

அத்தான் வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தியபோது காலை பத்து மணி இருக்கும். சலவை வேன். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் லாட்ஜுகளிலிருந்தும் அழுக்குப் படுக்கை விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய், வெளுத்து மடித்துத் திருப்பிக் கொடுக்கிற தொழில் அவருக்கு. பதினாலு மாதமாக அந்த வண்டி என் கடைப் பக்கமே வரவில்லை. அக்கா செத்ததிலிருந்து வரவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் தலையை ஆட்டிக்கொள்வோம், அதோடு சரி. இப்போதுதான் இந்தக் கடை கண்ணுக்குத் தெரிந்ததா என்று கேட்க வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே மை பூசினாற்போல் கறுத்துப் போயிருந்தது.

"ஷாக்கு, நாலு கடை பாத்துட்டேன். ஒருத்தனுக்கும் பிடிபடல" என்றார்.

ஷாக்கு என்பது நான்தான். ஐந்து வயதில் சுவர் பிளக்கில் ஹேர்பின்னை விட்டு ஒட்டிக்கொண்டபோது, அக்கா துடைப்பக் கட்டையால் என் கையை அடித்துப் பிரித்து உயிரைக் காப்பாற்றினாள். அன்றைக்கு வைத்த பேர். நான் வண்டி எலக்ட்ரீஷியன் ஆனதும் அந்தப் பேருக்கு ஒரு மரியாதையும் வந்து சேர்ந்தது. கடைக்குள் எட்டிப் பார்த்து "மெக்கானிக் எங்கம்மா?" என்று கேட்பவர்களை இருபது வருஷமாக வாயாலேயே கருக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கோபம் எனக்கு மூக்கின் மேல் இருக்கிறது என்பாள் அக்கா. மூக்கைப் பற்றி இந்தக் கதையில் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

"என்ன பண்ணுது வண்டி?"

"பல்பு நிக்க மாட்டேங்குது. ஹெட்லைட் ஆறு தடவ மாத்தியாச்சு. இண்டிகேட்டர், டாஷ்போர்டு, பிரேக் லைட் எல்லாமே ஒண்ணொண்ணா போகுது. ரேடியோ புகைஞ்சு போச்சு. இது மூணாவது பேட்டரி. வாரம் ஒரு பாட்டில் தண்ணி குடிக்குது."

"ஓவர் சார்ஜ்."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. ஆல்டர்னேட்டர மாத்தினாங்க. ரெகுலேட்டர ரெண்டு தடவ மாத்தினாங்க. கடையில நிக்கிற வரைக்கும் சமத்தா நிக்குது. ரோட்டுக்குப் போனா ஆரம்பிச்சிடுது." அவர் வண்டியின் பின்பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு பல்பு மட்டும் போகல, ஷாக்கு. எட்டு வருஷமா போகல. உங்கக்கா பல்பு."

எனக்குத் தெரியும் எந்தப் பல்பு என்று. வேனின் பின்பக்கத்தில் ஜன்னல் கிடையாது, தகரப் பெட்டி மாதிரி. டிரைவர் சீட்டுக்கும் அதற்கும் நடுவே இரும்புத் தடுப்பு. அந்தத் தடுப்பை ஒட்டி ஒரு மரப் பெஞ்சு. அத்தான் ஓட்ட, அக்கா அதில் உட்கார்ந்துகொண்டு எந்த மூட்டை எந்த வார்டு, எந்த லாட்ஜ் என்று அட்டை கட்டிக்கொண்டே வருவாள். வெளிச்சம் போதவில்லை என்று அவள் நச்சரித்ததால் தலைக்கு மேலே ஒரு சின்னப் பல்பு போட்டுக் கொடுத்தது நான்தான்.

"எல்லாப் பல்பும் போகும்போது அது மட்டும் எப்படிப் போகாம இருக்கும்? நீயே சொல்லு. அவ விட மாட்டேங்கறா" என்றார்.

"அத்தான், பல்புக்குப் பேயும் தெரியாது, பாசமும் தெரியாது. சாவியக் குடுங்க" என்று கையை நீட்டினேன்.

பேட்டரி பின்னால், அந்தப் பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அதன் மேலும் முன்னும் மூட்டைகள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முன்பக்கம் பானெட்டைத் தூக்கி, பேட்டரிக்குக் கரண்ட் ஊட்டுகிற ஆல்டர்னேட்டரின் முனையில் மீட்டரை மாட்டினேன். வண்டி ஓடும்போது பதினாலு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்ட வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் பேட்டரி உள்ளே கொதிக்க ஆரம்பிக்கும், பல்புகள் தெறிக்கும். ஸ்டார்ட் பண்ணினேன். பதினாலு புள்ளி மூன்று. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன், அதே பதினாலு புள்ளி மூன்று. ஹெட்லைட் போட்டேன், ஒரு புள்ளி இறங்கி மறுபடி ஏறி நின்றது. ஒயரை ஆட்டினேன், கனெக்டரைத் தட்டினேன், எஞ்சின் நன்றாகச் சூடாகும் வரை முக்கால் மணி நேரம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மீட்டரையே பார்த்தேன். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அவ்வளவு ஒழுங்கு. எரிச்சலாக வந்தது எனக்கு. கெட்டுப்போன வண்டியைச் சரி பண்ணிவிடலாம், நல்ல வண்டி மாதிரி நடிக்கிற வண்டியை என்ன செய்வது?

அத்தான் டீயை வாங்கி வந்து வைத்துவிட்டு, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இன்னும் தட்டறா" என்றார்.

"யாரு?"

"உங்கக்கா."

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. அக்கா பின்னாலிருந்து இரும்புத் தடுப்பை இரண்டு தடவை தட்டினால், வண்டியை நிறுத்து என்று அர்த்தம். மூட்டை சரிந்துவிட்டாலும் சரி, தண்ணீர் தாகம் என்றாலும் சரி, ரெண்டு தட்டு. கத்தினால் எஞ்சின் சத்தத்தில் கேட்காது.

"ஓட்டிட்டுப் போகும்போது கேக்குது. டொக் டொக். ரெண்டே ரெண்டு. நிறுத்தி, எறங்கி, கதவத் தொறந்து பாப்பேன். மூட்டைதான் இருக்கும்."

"டாக்டரப் பாத்தீங்களா?"

"பாத்தேன். தூக்க மாத்திர குடுத்தாரு. தட்டறது அவ, மாத்திர எனக்கு. என்னத்துக்கு ஆகும்?"

சிரிக்கத்தான் தோன்றியது. அவர் சிரிக்கவில்லை என்பதால் டீயைக் குடித்தேன். சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து, "நான் கொஞ்சம் பின்னால உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. நான் மீட்டரைக் கழற்றலாம் என்று குனிந்தேன்.

பதினாலு புள்ளி ஒன்பது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். பதினைந்து புள்ளி ஐந்து. என் கை எதையும் தொடவில்லை. ஆக்ஸிலேட்டரில் யாரும் இல்லை. எஞ்சின் மட்டும் லேசாக முனகியது, சுமையைத் தூக்கிக்கொள்கிற மாதிரி. எதிர்ச் சுவரில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்த ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, பட்டப்பகலிலும் கண் கூசுகிற அளவுக்கு வெள்ளையானது. பதினாறு. பதினாறு புள்ளி நான்கு. அங்கே நின்றுகொண்டது. வண்டிக்குள் யாரோ ஏறி உட்கார்ந்ததும் அதற்கு உயிர் வந்ததுபோல் இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக, ஓடுகிற எஞ்சினுக்கு முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது தடுப்பிலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக்.

அத்தான் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்பதைவிட, அப்படித்தான் இருக்க வேண்டும் என்று என்னை நானே மிரட்டிக்கொண்டேன். பின்னால் போய்க் கதவைத் திறந்தேன்.

வாடை முகத்தில் அறைந்தது. அழுகின முட்டை வாடை. உள்ளே இருட்டில் அந்த ஒற்றைப் பல்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அத்தான் அதற்குக் கீழே பெஞ்சில் இல்லை. கதவை ஒட்டி, ஒரு மூட்டையின் மேல், கைகளை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து தடுப்புக்குக் கை எட்டவே எட்டாது.

"நீங்களா தட்டினீங்க?"

"இல்ல" என்றார், கண்ணைத் திறக்காமல். "கதவ மூடு, ஷாக்கு. வாடை இப்பதான் போச்சு. அது போனாத்தான் அவ வருவா."

பேட்டரி அளவுக்கு மீறிக் கொதித்தால் ஒரு வாயு வரும். கொஞ்சமாக இருக்கும்போது ஊரைக் கூட்டும் நாற்றம். அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். வாடை போய்விட்டது என்று மனிதன் நினைத்துக்கொள்வான். வாடை எங்கும் போயிருக்காது. அதற்கப்புறம் தலைவலி, மயக்கம், இல்லாததெல்லாம் தெரிவது, கடைசியில் மூச்சு. தொழில் பழகிய முதல் மாதத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம் அது.

சட்டைக் காலரைப் பிடித்து அவரை வெளியே இழுத்துப் போட்டேன். என்னைவிட பதினைந்து வயது பெரியவர், அக்கா புருஷன், அதெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினேன். இரண்டு கதவுகளையும் விரியத் திறந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து இருமிக்கொண்டே என்னைக் குழந்தை மாதிரி பார்த்தார்.

"தினமுமா இப்படி உக்கார்றீங்க?"

"மத்தியானம் துணி காயற எடத்துல நிறுத்திட்டு அரைமணி நேரம். எஞ்சின் ஓடினாத்தான பல்பு நல்லா எரியும். சில நாள் அவ கை என் தோள்ல இருக்கும், ஷாக்கு. சத்தியமா இருக்கும்."

"அறிவிருக்கா உங்களுக்கு? இன்னும் பத்து நிமிஷம் உக்காந்தா நீங்களும் அவ கூடப் போய்ச் சேந்திருப்பீங்க!" என்று கத்தினேன். கத்தின பிறகுதான் பார்த்தேன், அவர் முகத்தில் பயமே இல்லை. அது ஒரு யோசனையாகவே ஏற்கெனவே அவருக்குள் இருந்திருக்கிறது. எப்படியாவது இன்றைக்கு இந்த வண்டியின் கோளாறைக் கண்டுபிடித்து, இவர் தலைக்குள் இருக்கிற கோளாறையும் சேர்த்துப் பிடுங்காமல் அனுப்பக் கூடாது என்று முடிவு பண்ணினேன்.

உள்ளே காற்று நன்றாகப் போய் வரும்வரை காத்திருந்தேன். பிறகு மூட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே தள்ளினேன். பெஞ்சுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. உள்ளே பேட்டரி வயிறு உப்பி, பக்கங்கள் புடைத்து, மூடியை முட்டிக்கொண்டிருந்தது. மூடியின் விளிம்பு இரும்புத் தடுப்பில் இடித்தபடி இருந்தது. கையால் மூடியை அழுத்தி விட்டேன். டொக் என்றது.

"இங்க பாருங்க, இதான் உங்க தட்டல். பேட்டரி சூடாகி உப்பறப்ப மூடி போய் இடிக்குது" என்றேன்.

அத்தான் எட்டிப் பார்த்தார். "ரெண்டு தடவ மட்டும் ஏன் இடிக்குது?"

"தகரத்துக்கு எண்ணத் தெரியாது. உங்களுக்குத்தான் ரெண்டா கேக்குது" என்றேன். எனக்கும் இரண்டாகத்தான் கேட்டது என்று சொல்லவில்லை.

கதவுகள் திறந்தபடியே எஞ்சினை மறுபடி ஓடவிட்டு, மீட்டரை நேராகப் பேட்டரியிலேயே மாட்டினேன். இறங்கி வெளியே நின்று கையை மட்டும் நீட்டி, கதவோரம் இருந்த பல்பின் சுவிட்சை அணைத்தேன். பதினாலு புள்ளி மூன்று. போட்டேன். பதினாறு புள்ளி நான்கு. அணைத்தேன், இறங்கியது. போட்டேன், ஏறியது. நாலு கடைக்காரர்களும் தலையைப் பிய்த்துக்கொண்ட பேய் ஒரு விரல் நுனிச் சுவிட்சுக்குள் உட்கார்ந்திருந்தது.

"மத்த கடையில விடும்போது இந்தப் பல்பு எரிஞ்சுதா?"

"இல்லையே. எறங்கும்போது நான் அணைச்சிடுவேன். அவ விளக்கு அது. கண்டவனும் எதுக்கு அதுல வேல பாக்கணும்?"

எஞ்சினை நிறுத்தினேன். சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பல்பிலிருந்து இறங்கும் ஒயரைப் பிடித்துக்கொண்டு கீழே வந்தேன். ஒயர் தடுப்பின் மூலையை ஒட்டி இறங்கி, பெஞ்சின் காலுக்குப் பின்னால் போய், பேட்டரிப் பெட்டியை ஒட்டித் தரையோரம் ஓடும் ஒரு மெல்லிய ஒயரில் போய்ச் சேர்ந்தது. சேர்ந்த இடத்தில் ஒரு ஜாயிண்ட். மேலே கறுப்பு டேப். டேப்பின் கடைசி நுனி மடித்து விடப்பட்டு வால் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த வால் என்னுடையது. பிறகு பிரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாமே என்று டேப் நுனியை மடித்து விடுவது என் பழக்கம். என் கடையில் வேலை கற்றுக்கொண்டு போனவர்கள்கூட அப்படிச் செய்வதில்லை. நுனியைப் பிடித்து இழுத்தேன். உள்ளே வெறுமனே முறுக்கிவிட்ட மூன்று கம்பிகள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கவில்லை. எட்டு வருஷமாக ஈர மூட்டைகளின் தண்ணீர் இறங்கி இறங்கி, பேட்டரியிலிருந்து வரும் கம்பி பச்சை பூத்து, தொட்டால் உதிர்கிற மாதிரி இருந்தது.

அந்த மெல்லிய ஒயர் என்ன என்று எனக்குத் தெரியும். எட்டு வருஷத்துக்கு முன்னாலும் தெரியும். பேட்டரி தூரத்தில் இருக்கிற வண்டிகளில், அது எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று முன்னால் இருந்து சார்ஜைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டருக்குச் சேதி சொல்ல ஒரு தனி ஒயர் போகும். சேதி சொல்வதைத் தவிர அதற்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. அதில் பல்பை மாட்டினால், வழியில் ஜாயிண்ட் கெட்டுப்போன அன்றைக்கு, பல்பு குடித்தது போக மிச்சம்தான் முன்னால் போய்ச் சேரும். கழுத்து வரை நிரம்பிய பேட்டரியைப் பற்றி, இன்னும் பசிக்கிறது என்று சேதி போகும். ரெகுலேட்டர் இன்னும் ஊட்டச் சொல்லும். ஜாயிண்டைத் தாண்டி அந்தப் பல்பு இருக்கும் இடத்தில் மட்டும் வோல்ட் சரியாக இருக்கும், ஏனென்றால் ரெகுலேட்டர் பார்த்துப் பார்த்துச் சரி பண்ணுவது அந்த இடத்தைத்தான். வண்டி முழுக்க எல்லாப் பல்பும் தெறிக்க, அந்த ஒன்று மட்டும் எரிந்துகொண்டே இருக்கும்.

அன்றைக்கு எனக்கு அவசரம். பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுடி என்று அக்கா நின்றுகொண்டிருந்தாள். முறையாக ஒயர் இழுத்தால் ஒரு மணி நேரம் ஆகும். கைக்கு அருகில் எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயர் இது ஒன்றுதான் இருந்தது. சின்னப் பல்புதானே, பிறகு வா, ஒழுங்காகப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவளும் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

நான் வேனின் தரையில் மண்டியிட்டபடியே இருந்தேன். சாவதற்குப் பத்து நாள் முன்னால் அவள் போன் பண்ணியது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று எழுதுவது பொய். பதினாலு மாதத்தில் அது ஒரு நாளும் என்னை விட்டுப் போனதில்லை, இன்றைக்குத்தான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. "வண்டிக்குள்ள முட்டை அழுகின வாடை அடிக்குதுடி, வந்து பாரேன்" என்றாள். "ஆஸ்பத்திரித் துணிய வெச்சுக்கிட்டு மல்லிகைப்பூ வாசமா வரும்? துவைச்சாப் போயிடும்" என்று சிரித்தேன். நாலு நாள் கழித்து நானே கேட்டேன், வாடை போச்சா என்று. "ஆமாண்டி, வண்டில ஏறும்போது லேசா அடிக்கும், கொஞ்ச நேரத்துல போயிடுது" என்றாள். பார்த்தாயா என்று வேறு சொன்னேன்.

டாக்டர் இதயம் நின்றுவிட்டது என்றார். நின்றதுதான். ஏன் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. ஐந்து வயதில் என் கையைக் கரண்டிலிருந்து பிரித்துவிட்டவளுக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று அந்தப் பச்சைக் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெட்டி எறிந்துவிடலாம். புது ஒயர் இழுத்து, பல்புக்குத் தனிப் பியூஸ் போட்டு, "ஒரு ஜாயிண்ட் துருப்பிடிச்சிருந்துது, சரி பண்ணிட்டேன்" என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. யாருக்கும் தெரியாது. ஸ்பேனரை எடுத்து பேட்டரியைக் கழற்றினேன். உப்பிப்போன அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வெயிலில் வைத்தேன். தகர மூடியையும் கழற்றிச் சுவரில் சாய்த்தேன். திரும்பி வந்து வேனுக்குள் ஏறி, கம்பி வெட்டியைக் கையில் எடுத்தேன்.

அத்தான் கதவோரம் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மழை. பாலத்துக்கு முன்னாடி ஒரு மணி நேரம் வண்டி நகரல. சாரல் அடிக்குதுன்னு பின்கதவு ரெண்டையும் அவளே இறுக்கிச் சாத்திக்கிட்டா. பாலத்துல ஏறினதும் தட்டினா. ரெண்டு தட்டு. டீ கேக்கறா, பாலம் தாண்டி நிறுத்திக்கலாம்னு ஓட்டினேன். கொஞ்ச நேரத்துல இன்னும் ரெண்டு. மெதுவா. இவளுக்கு எப்பவும் அவசரம்னு திட்டிக்கிட்டே ஓட்டினேன். எறங்கிக் கதவத் தொறந்தப்ப அவ கை தடுப்பு மேலயே இருந்துது." அவர் நிறுத்தி, வாயைத் துடைத்துக்கொண்டார். "நான்தான் கொன்னேன், ஷாக்கு. நிறுத்தியிருந்தா பொழச்சிருப்பா. அதான் இப்பல்லாம் தட்டு கேட்டா எங்க இருந்தாலும் நிறுத்திடறேன். நடு ரோட்டுல நிறுத்தித் திட்டு வாங்கறேன். திட்டட்டும்."

பதினாலு மாதமாக இந்த மனிதர் இதைச் சுமந்துகொண்டு, அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து, அவளோடு போய்ச் சேரக் காத்திருந்திருக்கிறார். பல்பை நான் சரிபண்ணி அனுப்பினாலும் அவருக்கு வேறு வழி கிடைக்கும். என் கையில் இருந்தது அவருடைய உயிர். அதைக் கொடுக்க வேண்டுமானால் என் மானத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்க எனக்குத் துளியும் மனமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜாயிண்டை மூன்று பக்கமும் வெட்டி எடுத்தேன். அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"நீங்க கொல்லல, அத்தான். இது நான் போட்டது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர், அவசரம், ஈரம், வாயு, மூக்கு. போன் பண்ணினதையும் சொன்னேன், சிரித்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் யாரோ பேசுகிற மாதிரி எனக்கே கேட்டது. சுண்டுவிரல் நீளம் இருந்த அந்த முறுக்கை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சைத் தூள் அவர் ரேகைகளில் ஒட்டிக்கொண்டது.

"இத்தனூண்டு" என்றார்.

"ஆமா."

"அவ தட்டினப்ப நான் நிறுத்தியிருந்தா?"

"தெரியல. பொழச்சிருக்கலாம். ஆனா தட்ட வேண்டிய நெலமைக்குக் கொண்டுவந்தது நான்."

தெருவில் ஒரு லாரி போய், அதன் சத்தம் தேய்ந்தது.

"உன்னை ஓங்கி ஒரு அறை விடணும் போல இருக்கு" என்றார்.

"விடுங்க."

"கை வர மாட்டேங்குது." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. "அவ இருந்தா, என் தங்கச்சிய நான் மட்டும்தான் அடிப்பேன்னு குறுக்க வந்து நிப்பா."

அதைக் கேட்டதும் எனக்கும் உடைந்தது. வேனின் தரையில் உட்கார்ந்துகொண்டு, பதினாலு மாதத்து அழுகையை அழுதேன்.

டொக். டொக்.

அழுகை அப்படியே நின்றது. சத்தம் என் தலைக்குப் பக்கத்தில், இரும்புத் தடுப்பிலிருந்து வந்தது. நிதானமாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு. பேட்டரி வாசலில் வெயிலில் கிடந்தது. மூடி சுவரில் சாய்ந்திருந்தது. எஞ்சின் நின்று ஒரு மணி நேரம் ஆகி, தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிப் போயிருந்தது. சாவி என் பாக்கெட்டில். வண்டியில் கரண்ட் இருக்கிற ஒரு கம்பிகூட இல்லை. ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். எந்தச் சத்தத்துக்கும் என்னிடம் ஒரு காரணம் இருக்கும், அதுதான் என் பிழைப்பு. இதற்கு இல்லை.

அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "கேட்டுதா?" என்று மட்டும் கேட்டார். தலையை ஆட்டினேன்.

பயமாக இருந்தது. ஆனாலும் எழுந்து, பெஞ்சில் ஒரு முழங்காலை ஊன்றி, தடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். இரும்பு ஜில்லென்று இருந்தது.

"நிறுத்தியாச்சுக்கா" என்றேன். "வண்டி நின்னாச்சு. எறங்கிக்கோ."

அத்தான் திறந்தே இருந்த பின்கதவுகளை இன்னும் விரியத் தள்ளி, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வழிவிட்டு ஓரமாக நின்றார். அக்கா இறங்கும்போது எப்போதும் அப்படித்தான் நிற்பார்.